மூன்று கோட்டு மாடு

பட்டறைத் தரையில் என் தம்பி சாக்பீஸால் மூன்று கோடுகள் இழுத்திருந்தான். வளைந்து கிடந்தது முதுகு, அதன் ஒரு முனையில் கொம்பு, மறுமுனையில் வால். அவ்வளவுதான். கண் இல்லை, கால் இல்லை. ஆனாலும் மாடு நின்றது. மாட்டுக்குக் குறி வைக்கும் சூட்டுக்கோல் செய்யச் சொல்லி வந்திருந்த பண்ணைக்கார அம்மா அதன்மேல் செருப்பு படாமல் ஒதுங்கி நின்று பார்த்தார்.

"இதேதான் வேணும். என் மாட்டுக்கெல்லாம் இனிமே இந்தச் சூடுதான்."

நான் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த படம் மேசையில் கிடந்தது. கொம்பு, மணி, சுற்றிலும் வளையம். அந்த அம்மா போகும்போது தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். இந்தப் பட்டறையில் சூட்டுக்கோலுக்குப் படம் போடுகிறவன் நான்தான். தம்பி அரத்தால் இரும்பைத் தேய்க்கிறவன்.

என் மனைவி வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க, மூணே கோடு! எப்படித்தான் தோணுச்சோ!"

என் படத்தைக் காட்டியபோது "ம், நல்லாருக்கு" என்றவள் இவள். எனக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் உலைக்குக் கரியே வேண்டாம். அதைவிடக் கொடுமை, எனக்கும் அது பிடித்திருந்தது.

கம்பியை வளைக்கும்போதுதான் கவனித்தேன். தம்பியின் படத்தில் கொம்பும் முதுகும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கம்பி முட்டும் இடத்தில் சூடு தேங்கும். தோல் வெந்து குறி அப்பிவிடும். தம்பிக்கு அது தெரியாது. அவன் வரைந்தபடியே செய்து கொடுத்தால் போதும், அவன் மாடு பல்லிளித்துவிடும். அப்படியே பற்றவைத்தேன்.

"சூப்பரா வந்திருக்குண்ணே," என்றான். நான் நிமிரவில்லை.

பிறகு மாட்டை நினைத்தேன். பொய் எதற்கு, அந்தக் கோட்டைத்தான் நினைத்தேன். அது அப்பிப்போவதைப் பார்க்க மனசு வரவில்லை. தம்பி டீ வாங்கப் போனதும் அந்த மூலையைக் கொஞ்சம் அறுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பலகையில் சூடு வைத்துப் பார்த்தோம். சுத்தமாக விழுந்தது. கொம்பு முதுகைத் தொடாமல் நின்றதில் மாடு அப்போதுதான் தலையைத் தூக்கியதுபோல இருந்தது.

"அந்தச் சின்ன இடைவெளிதான் அழகே," என்றாள் என் மனைவி. "எப்படி யோசிச்சீங்க தம்பி?"

தம்பி என்னைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"சும்மா தோணுச்சு அண்ணி."

அவள் பலகையைச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இங்க ஒரு ஆணி அடிங்க."

அடித்தேன். மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். கொம்புப் பக்கம் இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.