ஏழு மணி நேரத்துக்கு ஒரு டிக்ரி

மீமிசலில் போன ஆவணி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமைக்கு முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. பதினொரு மணிக்கு உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த சூரியன் அப்படியே ஏழு மணி நேரம் நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சத்துணவு போட்டார்கள். அறந்தாங்கி பஸ் மூன்று நடை கூடுதலாக வந்து போனது. யாரும் பதறவில்லை. முதல் நாளே கோர்ட் அமீனா வந்து, நாளைக்குப் பொழுது சாயத் தாமதமாகும் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வழக்குப் போட்டவள் செவந்தி. படகுகளில் நண்டு எடுத்துத் தரம் பிரித்து கம்பெனிக்கு அனுப்புகிறவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் ரஞ்சிதாவுக்குப் பக்கத்துக் கரையூரில், புருசன் வீட்டில், வளைகாப்பு. ஐந்து வகைச் சோறும் ஒரு பை கண்ணாடி வளையலுமாக செவந்தி கடலோரமாகவே நடந்தாள். பாதி வழியில் மத்திய அரசின் கரைக் கணிப்பு அலுவலகம் புதிதாகக் கொட்டகை போட்டிருந்தது. அதன் அதிகாரி அரவிந்த்குமார் மறித்து அடையாள அட்டை கேட்டார்.

"வளைகாப்புக்குப் போறவ அதையா எடுத்துட்டுப் போவா? வீட்டுல இருக்கு சார். ஆளை விட்டு எடுத்தாரச் சொல்றேன்," என்றாள் செவந்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தக் கரையில நடக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றும் கேட்டாள். அரவிந்த்குமார் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, தகரக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார். அப்போது மணி பதினொன்று. ஆறு மணிக்குத் திறந்து, "போங்கம்மா," என்றார். புகாரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சோறு நொந்து போயிருந்தது. அங்கே ரஞ்சிதா வாசலையே பார்த்துப் பார்த்து, கடைசியில் யார் யார் கையாலோ வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவந்திக்குக் கொட்டகைக்குள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அறந்தாங்கியில் வக்கீல் அறிவுமதி மனு எழுத உட்கார்ந்தபோது, நஷ்டஈடு எவ்வளவு போடலாம் என்று கேட்டாள்.

"பணம் வேணாம்மா. பதினொண்ணுலேருந்து ஆறு வரைக்கும் என்கிட்டேருந்து எடுத்துட்டாங்கள்ல, அதைத் திருப்பித் தரச் சொல்லுங்க."

அறிவுமதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். நேரத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படியே எழுதினாள். அரசு ஊழியர் என்பதால் இரண்டு மாதம் முன்கூட்டியே நோட்டீஸ் விட வேண்டும், விட்டாள். பதில் வரவில்லை, வழக்குக்கு நம்பர் விழுந்தது. மூன்று வருஷம் வாய்தா ஓடியது. செவந்தி ஒரு வாய்தாவையும் விடவில்லை. நண்டு வாசத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

எதிர்தரப்பு வக்கீல் வாதம் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்தார். தன் கட்சிக்காரர் மத்திய அரசு ஊழியர்; டெல்லிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்; இந்தத் தாலுகா கோர்ட் அவரைக் கேள்வி கேட்க முடியாது.

முன்சீப் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரவிந்த்குமாரைப் பார்த்தார். "அரசாங்கம் குடுத்த வேலையைச் செஞ்சிருந்தா அரசாங்கம் பதில் சொல்லும். ஒரு பொம்பளைய காரணமில்லாம பூட்டி வைக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு இருந்துச்சா?"

அரவிந்த்குமார் எழுந்து, "இல்லைங்கம்மா," என்றார்.

"அப்ப பூட்டினது டெல்லி இல்ல. நீங்க."

தீர்ப்பு இரண்டு பக்கம்தான். பிரதிவாதி தன் சொந்த நேரத்திலிருந்து ஏழு மணி நேரத்தை வாதிக்குத் திருப்பித் தர வேண்டும். மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் போட்டார்கள், அங்கேயும் நிற்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அரவிந்த்குமார் ஒரு காலில் பூட்ஸ் மாட்டினார். மறு காலில் மாட்டும்போது சாயங்காலம் ஆறு. அவருக்கு இடையில் ஒன்றுமே இல்லை. அதே பதினொரு மணிக்கு செவந்தி புதுச்சேலையில், சூடான சோற்றுத் தூக்கோடு மகள் வீட்டு வாசலை மிதித்தாள். முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பேத்தி அமுதவல்லியைக் காணோம். ரஞ்சிதாவுக்கு ஏழு மாத வயிறு இருந்தது. அவள் இடுப்பில் கைவைத்து மெல்ல எழுந்து, "ஏம்மா இம்புட்டு நேரம்? ஒனக்காகத்தான் எல்லாரும் இருக்கோம்," என்றாள். கூடியிருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

செவந்தி மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, முதல் வளையலைத் தன் கையாலேயே போட்டாள். வயிற்றில் கை வைத்தாள். உள்ளேயிருந்து அமுதவல்லி எட்டி உதைத்தாள். புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் ஆளுக்கு மூன்று தடவை பரிமாறியும் நேரம் மிச்சமிருந்தது. அம்மாவும் மகளும் ஒரே பாயில் படுத்து, நான்கு வருஷமாகப் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

சூரியன் நகர்ந்ததும் ரஞ்சிதாவின் வயிறு தட்டையானது. அமுதவல்லி பசிக்கிறது என்று முற்றத்திலிருந்து ஓடி வந்தாள். பின்னாலேயே அமீனாவும் பேப்பரோடு வந்தார்.

"ஏழு மணி நேரமும் முழுசா வந்து சேர்ந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"பத்து நிமிசம் கூடவே இருந்துச்சுங்க," என்றாள் செவந்தி.

"அது வட்டி," என்று சொல்லி, அமீனா மைப்பேனாவை நீட்டினார்.