மூன்று நூல் போல்ட்

செவ்வந்தி செய்தது புத்திசாலித்தனம்தான், யாரும் மறுக்க முடியாது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளவும் கொஞ்சம் புத்தி வேண்டியிருக்கிறதே.

கள்ளக்குறிச்சியில், கடலை உடைக்கும் மிஷின் செய்யும் பட்டறையில் அவள் ஸ்டோர் பார்த்தாள். கணவன் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. பட்டறையிலும் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரே மிஷினுக்கு விதவிதமான அளவில் போல்ட் போகும். அளவை நூல் கணக்கில் சொல்வார்கள், ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். ஃபிட்டர் செல்லமுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வந்து நிற்பான். கல்வராயன் மலையடிவாரத்துக்காரன். அவள் இடத்திலிருந்து மலை தெரியாது. "மலை மேல மேகம் எறங்கிக்கினு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. சேலம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சேலத்துச் சரக்கு வரவில்லை. பெரிய அளவான நாலு நூல் போல்ட் மட்டும் மூட்டையாகக் கிடந்தது. மூன்று நூலும் மற்றதும் தீர்ந்து, மிஷின்கள் அரைகுறையாக நின்றன. முதலாளி நாராயணசாமி தலையில் கைவைத்துவிட்டார். துளைகளைப் பெரிதாக்கி எல்லாவற்றுக்கும் நாலு நூலே போட்டால் என்ன என்று கேட்டவள் செவ்வந்திதான்.

வேலை ஓடியது. சாலை திறந்த பிறகும் முதலாளி அதையே வழக்கமாக்கிவிட்டார். ஒரே அளவு, ஒரே கடை, தொல்லை விட்டது. செவ்வந்தியை வாயாரப் புகழ்ந்தார். போல்ட் டப்பாவை ஃபிட்டர்கள் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கவும் சொன்னார்.

அப்புறம் ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. சும்மா வந்து பேசினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். செவ்வந்தி நாளெல்லாம் வாயைத் திறக்காமல் வீடு திரும்பினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் செல்லமுத்து வந்தான்.

"மூணு நூல் போல்ட்டு ஒண்ணு இருக்குதுங்களா?"

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "அதான் நிறுத்தியாச்சேங்க. நாலு நூலு அங்க டப்பாவுலயே இருக்குதே."

அவன் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேசையைத் துடைக்கத் தொடங்கியவளுக்குப் பாதியில் கை நின்றது. மூன்று நூல் போல்ட் போகிற துளை இப்போது ஒரு மிஷினிலும் இல்லை. அது அவனுக்குத் தெரியாதா? துளைகளைப் பெரிதாக்கியவனே அவன்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட வேண்டும் போலிருந்தது. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மலையில் அன்று மழையா வெயிலா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.