ஜெகதீசனின் பூச்சிகள்

படகு மட்டும் கவிழ்ந்து கரையொதுங்கியது; ஜெகதீசன் வரவில்லை. தேடி ஓய்ந்த ஊர், வைக்கோலில் ஓர் ஆளைக் கட்டி எண்ணூர்க் கரையில் கிடத்தி, அவன் சட்டையை மாட்டிவிட்டது. உடம்பு கிடைக்காதவனுக்கு அதைத்தான் எரிப்பார்கள். எரித்துவிட்டால் அவன் மனைவி கார்குழலி கழுத்தில் தாலி இருக்காது.

அவளா விடுவாள்?

"போனு அவரோடதான் போச்சு. அதுல வளத்த பூச்சிங்க இன்னும் உசுரோட கீது. அப்ப அவரும் எங்கியோ கீறாரு!"

பூச்சி என்றால், கைபேசி விளையாட்டில் வரும் மாயக்காட்டுப் பூச்சிகள். மிளகளவுதான் இருக்கும். முதுகில் ஆளுக்கொரு விளக்கு. இலையில் வீடு கட்டும், சண்டை போடும், குஞ்சுக்கு ஊட்டிவிடும். தினமும் பனித்துளி ஊற்றாவிட்டால் விளக்கணைந்து செத்துவிடும். கட்டியவளைவிட அவற்றை நன்றாகவே கவனித்தான் மனுஷன். குழலியின் கைபேசியிலும் ஒரு காட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் ஓடைக்கு அக்கரையில் அவன் காடு தெரியும். அவன் போன பிறகும் அங்கே விளக்கு அணையவில்லை. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் அவள் சோறு தின்றாள்.

ஜெகதீசனின் அண்ணன் ராமதாஸ் கொள்ளியோடு வந்தார். "தள்ளிக்கோ குழலி. எங்களுக்கு மட்டும் வயிறு பத்திகினு எரியலையா?"

"மாமா, இத்த ஒரு வாட்டி பாருங்க!" கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அக்கரையில் பனித்துளி சொட்டத் தொடங்கியது. பூச்சிகள் குதியாட்டம் போட்டன. "பாருங்க! இப்பத்தான் ஊத்துறாரு! என் புருசன் ஊத்துறாரு!" படகு ஒதுங்கிய பிறகு அன்றுதான் சிரித்தாள்.

ராமதாஸ் திரையைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. குழலி திரும்பினாள்.

வலைக்குவியல் ஓரமாக மகள் மலர் நின்றிருந்தாள். கையில் அவளுடைய கைபேசி. கட்டைவிரல் அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அங்கே தட்டத் தட்ட, இங்கே துளி விழுந்தது.

"அப்பா பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்மா." மலரின் உதடு கோணியது. "அதுங்க செத்துட்டா நீ அழுவியேன்னுதான்..."

குழலிக்கு அவளை அறையத் தோன்றியது. கட்டிக்கொண்டு கதறவும் தோன்றியது. இரண்டுக்கும் கை எழவில்லை. இவ்வளவு நாளும் தன்னிடம் இருந்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்துபோயிற்று.

"கொளுத்துங்க மாமா," என்றாள்.

வைக்கோல் மளமளவென்று பற்றியது. சட்டை கருகியது. மலர் அம்மாவின் பக்கத்தில் ஒண்டி நின்றாள்.

"நாளைக்கும் ஊத்தணும்மா. இல்லாங்காட்டி செத்துரும். ஊத்தட்டா?"

"வாணாம்," என்றாள் குழலி. "வுட்ரு."