சாக்சன்கள் வழிவிட்ட மதியம்

மருத்துவமனை மருந்தகத்தில் இரவுப் பணி முடித்து வந்த அண்ணி, குளித்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. சாயங்காலம் நாத்தனார் கிளம்புகிறாள். வேறு ஊரில், செயற்கைப் பல் செய்யும் பெரிய கூடமொன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இங்கேயும் அதே வேலைதான்; வாரம் முழுக்கப் பல்லுக்கு நிறம் பூசுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொம்மைப் போர்வீரர்களுக்கு. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத அந்தப் பொம்மைகளின் தாடியெல்லாம் அவள் தூரிகையில் முளைத்தவை.

சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். அடியில் தடிப் புத்தகங்களைச் செருகியதில் ஒரு குன்று எழும்பியிருந்தது. குறுக்கே நீலத் துணி ஆறு, அதன்மேல் ஐஸ் குச்சிகளால் ஒட்டிய பாலம். ஒரு கரையில் கப்பலேறிக் கொள்ளையடிக்க வந்த வைக்கிங்குகள், நாத்தனாரின் படை. மறுகரையில் ஊரைக் காத்து நிற்கும் ஆங்கிலோ-சாக்சன்கள், அண்ணியின் படை. நாடாவால் அளந்து ஆளை நகர்த்தி, பகடை உருட்டி மோத வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் விழித்த ஒரு நாளில் தொடங்கிய விளையாட்டு இது.

வெளியே மழை விட்டபாடில்லை. பாலத்தின் நடுவில் அண்ணியின் கோடாலிக்காரன் ஒற்றை ஆளாக மறித்து நின்றான். பகடை அவன் சொன்னபடி கேட்டது.

"நகரவே மாட்டேங்கறானே இந்தக் கடங்காரன்," என்றாள் நாத்தனார். "இன்னும் ஒரு சுத்து பாலம் உங்க கையில இருந்தா நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணி. நானும் பெட்டியைக் கட்டலாம்."

அண்ணி மேசையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். கண் செருகியது. அங்கிருந்து பார்க்க வீரர்கள் ஆளுயரம் ஆனார்கள். மழைச் சத்தம் மேசைக்குள் இறங்கி ஆறாக ஓடியது. நனைந்த கேடயங்களின் தோல் வாடை வந்தது. எதிர்க்கரையில் ஒருவன் காலணியைக் கழற்றிக் கவிழ்த்து, தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் கப்பல்கள் மெல்ல ஆடின. இனி ஏறிப் போய்விடுவார்கள். போனபின் கரையில் புல் அசையும், அவ்வளவுதான்.

அவள் கை நீட்டிக் கோடாலிக்காரனைப் பின்னுக்கு இழுத்தாள். மற்றவர்களையும் குன்றுக்கு ஏற்றினாள்.

"உன் ஆளுங்க தாண்டி வரட்டும்."

"என்ன அண்ணி, தூக்கக் கலக்கமா? கையில இருக்கறதை விடறீங்க."

"அங்கேயே நின்னுட்டிருந்தா போர் அடிக்குது."

"போர் அடிக்கத்தானே உக்காந்திருக்கோம்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த நாத்தனார் அண்ணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பாலத்தில் ஏற்றினாள்.

குன்றின் மேல் சாக்சன்கள் கேடயத்தோடு கேடயம் கோத்து நின்றார்கள். வைக்கிங்குகள் மேலேறி வந்தார்கள். கோடாலிக்காரன் விழுந்தான். அவனைத் தட்டிவிடாமல், தலைக்குக் கீழே விரல் கொடுத்துச் சாய்த்துவைத்தாள் நாத்தனார். அதுவரை அண்ணிக்கு நினைவிருந்தது.

கண் விழித்தபோது மழை நின்றிருந்தது. அவள் தோளில் ஒரு போர்வை. நாத்தனார் மடித்த துண்டின் மேல் சத்தமில்லாமல் பகடை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் நான்தான் உருட்டினேன். ஏமாத்தலை."

"யாரு ஜெயிச்சா?"

"இன்னும் முடியலை. உங்க ஆளுங்க தலைவனைச் சுத்தி நிக்கறாங்க. ஓட மாட்டேங்கறாங்க."

அண்ணி சன்னலைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. "உன் பஸ்?"

"போயிடுச்சு. காலைல ஒண்ணு இருக்கு, அதுல போய்க்கறேன்." பகடையை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க முறை."

அண்ணியின் கணவன் தட்டுகளோடு வந்து, வைக்க இடம் தேடி நின்றான். "நாம எங்க சாப்பிடறது?"

"தரையில, அண்ணா," என்றாள் தங்கை. "கப்பலைத் தட்டிடாம போ."

அந்தச் சுற்றில் சாக்சன்களின் தலைவன் விழுந்தான். சாப்பிட்டு எழுவதற்குள் குன்று வைக்கிங்குகள் வசமானது. எஞ்சிய வைக்கிங்குகள் ஒரு கப்பலுக்குத் துடுப்புப் போடக்கூடப் போதவில்லை. தோற்ற அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் பெட்டியில் துணி மடித்து வைக்க உட்கார்ந்தாள். பொம்மைகளை யார் எடுத்துக்கொள்வது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.