கழுவி வைத்த ஆறு வண்டிகள்

வாரத்தில் ஆறு நாள் அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள், மெழுகில் ஈறு செதுக்குவாள், யாரோ ஒருவரின் கடைவாயில் உட்காரப்போகும் கம்பியை மூக்கு நுனியில் கண்ணாடியோடு வளைப்பாள். ஏழாம் நாள் அதே கை உலகத்தை அழிக்கக் கிளம்பிவிடும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்து மாடி அறையில் ஒரு கூட்டம் கூடும். ஆறடிக்கு நாலடி மேஜை. அதன்மேல் இடிந்துபோன ஓர் ஊர். மழை நின்று, பெட்ரோல் அருகி, அரசாங்கம் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்ட காலத்தில், மிஞ்சிய மனிதர்கள் கட்டைவிரல் நீள வண்டிகளில் ஒருவரையொருவர் துரத்துவார்கள். பகடை உருட்டி, அளவுகோல் வைத்து அளந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். ஒரு பூகோள வாத்தியார்தான் நடுவர். வளர்ந்த மனிதர்கள் பொம்மைக் காரை வைத்துக்கொண்டு அடிக்கும் கூத்து என்று வெளியே இருப்பவர்கள் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குச் சிரிக்க நேரம் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் துரு என்று பெயர். காரணம் இருந்தது. மற்றவர்கள் பழுப்புச் சாயத்தைப் பூசித் துரு என்று சொல்லிக்கொள்வார்கள். இவள் இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்து, வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, அரைத்துச் சலித்து, அசல் துருவையே பொடியாக எடுத்து வண்டிமேல் பசையால் ஒட்டுவாள். தொட்டால் விரலில் ஒட்டுமோ என்று பார்க்கிறவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இந்த வருடப் பெரிய போட்டிக்காக மூன்று மாதமாக ஆறு வண்டிகள் செய்திருந்தாள். பழைய சாமான் கடையில் பொறுக்கிய பொம்மைகள்தான். அடியில் இருக்கும் ஆணியைப் பல் துளைக்கும் ஊசியால் குடைந்து கழற்றி, உள்ளதை உருவி, வேறொன்றாக மாற்றியிருந்தாள். பால் வண்டிக்கு முன்னால் பல்செட் கம்பியில் முள்வேலி. ரொட்டி வேனுக்கு டீ வடிகட்டியின் வலையில் ஜன்னல். பேனா ஸ்பிரிங் ஒன்று ஸ்போர்ட்ஸ் காரின் முதுகில் புகைபோக்கியாக நின்றது. மேலே துரு, புழுதி, கிரீஸ் கறை. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டால் எதுவும் உதிராது. அதைச் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து அடிக்கலாம் என்று விட்டு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை.

நாத்தனார் வந்து பத்து நாளாகியிருந்தது. அவள் வீட்டில் தரை பெயர்த்துப் புதுக்கல் பதிக்கிறார்கள், அதுவரை தம்பி வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் நர்ஸாக இருப்பவள். அவள் கண்ணுக்கு அழுக்கு என்பது வெறும் அழுக்கில்லை, ஆள்கொல்லி. வந்த மூன்றாம் நாளே சமையலறை ஜன்னல் கண்ணாடியாக மின்னியது. ஏழாம் நாள் மின்விசிறி இறக்கைகூடப் பளபளத்தது. இரண்டு பெண்களுக்கும் சண்டை கிடையாது, சிநேகமும் கிடையாது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

பால்கனியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் வரிசையாக ஆறு வண்டிகள். பால் வண்டி பால் வெள்ளை. ஸ்போர்ட்ஸ் கார் மிளகாய்ச் சிவப்பு. கடையில் முதல் நாள் வைத்ததைப் போல வெயிலில் ஜொலித்தன.

"வந்துட்டியா!" நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "இத்தனை நாள் உன் வீட்ல சும்மா உக்காந்து சாப்பிடறேனே, உனக்கு ஏதாவது பண்ணணும்னு நினைச்சேன். ஐயோ, என்னா அழுக்கும்மா! சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வச்சேன். ரெண்டு பல் பிரஷ் தேஞ்சே போச்சு."

துருவின் முகத்தில் ஈயாடவில்லை. "ரொம்ப தேங்க்ஸ் அண்ணி," என்றது அவள் வாய். கால் நேராகக் குளியலறைக்குப் போனது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, துவாலையை வாயில் அடைத்துக்கொண்டு, மூன்று மாதத்தையும் நினைத்து ஒரு மூச்சு அழுதாள்.

அவள் வெளியே வருவதற்குள் கணவன் வந்துவிட்டான். பால்கனியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா! அது அழுக்கு இல்ல அக்கா. அவ ஒட்டினது!"

"எதை?"

"துருவை."

"துருவை ஒட்டினாளா? வேணும்னேவா?"

"வேணும்னேதான். மூணு மாசமா."

நாத்தனார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தியேட்டரில் எந்த டாக்டருக்கும் பணியாத முகம் சுருங்கிச் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. குளியலறைக் கதவருகில் நின்ற துருவை ஏறிட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

"நீ ஏம்மா என்னைத் திட்டலை?"

"திட்டத்தான் குளியலறைக்குப் போனேன் அண்ணி. அங்க அழுகை வந்துடுச்சு."

கணவன் சிரித்துவிட்டான். சிரிக்கக்கூடாத இடம் என்று உடனே உணர்ந்து இருமினான். ஆனால் துருவுக்கும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"மறுபடி அழுக்காக்கிடலாம். எப்படின்னு சொல்லு, நானே பண்ணித் தரேன்," என்றாள் நாத்தனார்.

"முடியாது அண்ணி. பொடி தீந்துபோச்சு, புதுசா செய்ய வாரக்கணக்காகும். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆட்டம்."

நாத்தனார் எழுந்து போய் ரொட்டி வேனைக் கையில் எடுத்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். கழுவும்போதுதான் பார்த்தேன். இந்த ஜன்னல் வலை, உள்ள சின்னதா ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒண்ணு, கதவுக்குக் கீல்கூட வச்சிருக்கே. கீல் திறந்து மூடுது! இதெல்லாம் நீ பண்ணினதா? பொம்மையோட வந்ததுன்னு நினைச்சேன்."

துருவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவள் வைக்கும் இப்படிப்பட்ட கீல்களை இதுவரை யாருமே கவனித்ததில்லை. மேலே ஒட்டிய துருப்பொடியைப் பார்த்துப் பிரமித்தவர்கள் யாரும் அதற்குக் கீழே போய்ப் பார்க்கவில்லை.

"சரி, எதுக்கு அந்த ஊர்ல எல்லாரும் அவ்ளோ அழுக்கா இருக்காங்க?" என்று கேட்டாள் நாத்தனார்.

"உலகம் அழிஞ்சுபோச்சு அண்ணி. மழையே இல்ல. குடிக்கவே தண்ணி கிடையாது."

"குடிக்கவே கிடையாதா?" நாத்தனார் நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப வண்டியையே கழுவற அளவுக்குத் தண்ணி வச்சிருக்கறவன் யாரு? அவன்தானே அந்த ஊருக்கே பெரிய ஆளு?"

துரு அவள் கையிலிருந்து வேனை வாங்கிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். பிறகு துரு மெல்லச் சொன்னாள்: "அண்ணி, கையைக் கழுவிட்டு வாங்க."

"கழுவித்தான் இருக்கேன்."

"அப்ப உக்காருங்க."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. பால் வண்டி தண்ணீர் டாங்கராயிற்று, ரொட்டி வேன் ஆம்புலன்ஸாயிற்று. டூத்பேஸ்ட் மூடிகளில் வாளிகள் வந்தன. நாத்தனார் தன் பையிலிருந்து தையல் நூலையும் இடுக்கியையும் எடுத்து, தையல் போடுகிற அதே முடிச்சுகளால் ஸ்போர்ட்ஸ் காரின் பின்னால் ஒரு கொடி கட்டினாள். பேண்டேஜ் துணியை நகக்கண் அளவுக்கு வெட்டி, சட்டையும் பாவாடையுமாகக் காயப்போட்டாள். ஒரு சட்டைக்குக் கைகூட வைத்தாள். தம்பி உதவிக்கு வந்தான். நீ போய் முட்டை வறு என்று இருவரும் ஒரே குரலில் விரட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர மட்டும் என்று சொல்லித்தான் நாத்தனார் கூடவே வந்தாள். நூலகத்து மேஜையில் ஊர் தயாராக இருந்தது. சாலைக்கு உப்புத்தாள், இடிந்த மேம்பாலத்துக்கு டிவி வந்த தெர்மோகோல், கால்மிதியின் நாரில் காய்ந்த புல். மற்ற அணிகளின் வண்டிகள் ஒன்றைவிட ஒன்று கரேலென்று நின்றன. அவற்றிலும் மிகக் கரியது பேக்கரிக்காரருடையது. பதினாறு சக்கரம், முன்னால் மண்டையோடு, மேலே நாலு பீரங்கி.

துரு தன் ஆறு வண்டிகளையும் எடுத்து வைத்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"என்ன துரு, ஷோரூம்லேருந்து நேரா வரீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல," என்றாள் துரு. "இவங்க கிட்ட தண்ணி இருக்கு."

சிரிப்பு நின்றது. வாத்தியார் குனிந்து, கொடியில் காயும் சட்டையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டு வருடமாக இந்த மேஜையில் பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும் விதி எழுதியவர், தண்ணீரை மட்டும் மறந்திருந்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, தலைகால் புரியாத குஷியாகவும் இருந்தது.

"புது விதி!" என்று கையைத் தூக்கினார். "அஞ்சாவது சுற்று முடியறதுக்குள்ள ஒவ்வொரு அணிக்கும் ஒரு தரமாவது தண்ணி கிடைக்கணும். கிடைக்கலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். டாங்கரைச் சுட்டா தண்ணி கொட்டிப் போயிடும், அப்புறம் யாருக்குமே இல்ல. எட்டாவது சுற்றுல மேஜையோட அந்தக் கோடில இருக்கற பாலத்தை யாரோட வண்டிங்க அதிகமா தாண்டுதோ அவங்க ஜெயிச்சாங்க."

அதன் பிறகு அந்த மேஜையில் நடந்ததை அங்கிருந்தவர்கள் பல மாதம் சொல்லித் தீர்க்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் டாங்கரை நோக்கிப் பாய்ந்தன. துரு பகடையை எடுக்கத் திணறினாள். பின்னால் நின்ற நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன இது, ஆளாளுக்கு முண்டியடிச்சுக்கிட்டு! வரிசைல நில்லுங்க!"

இருபது வருட ஆஸ்பத்திரிக் குரல் அது. எல்லோருடைய கையும் அந்தரத்தில் நின்றது. சலூன் வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவரும் பேசாமல் தங்கள் ஜீப்பை ஒரு அங்குலம் பின்னுக்கு நகர்த்தினார்கள்.

"முதல்ல யார் வந்தா? நீங்களா? அடிபட்டது எத்தனை பேர்? ரெண்டா? அப்ப நீங்க முன்னாடி வாங்க. மண்டையோடு வச்ச வண்டி யாருது?"

"என்னோடதுங்க," என்றார் பேக்கரிக்காரர்.

"கடைசில போங்க."

பேக்கரிக்காரர் கடைசியில் நிற்கிற ஆளில்லை. வரிசையைச் சுற்றிக்கொண்டு, இடிந்த மேம்பாலத்தின் மேலேறிக் குறுக்கே குதித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பகடையை உருட்டினார். ஒன்று. பதினாறு சக்கரமும் மேலே பார்க்க, மேம்பாலத்தடியில் போய்க் குப்புற விழுந்தது அவர் பெருமை. விழுந்த வண்டியை நிமிர்த்த இன்னொரு வண்டி பக்கத்தில் வந்து இரண்டு சுற்றுகள் சும்மா நிற்க வேண்டும். எட்டு வருடத்தில் எந்த எதிரியும் அதைச் செய்ததில்லை.

ஆறாவது சுற்று. வரிசையில் நின்ற எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாயிற்று. துருவின் வண்டிகள் கோடிப் பாலத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. வெற்றி கைக்கெட்டும் இடத்தில்.

"ஆம்புலன்ஸைத் திருப்பு," என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நேரா போனா ஜெயிச்சோம்."

"ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கான். பாத்துட்டே போறதா?"

"அது பொம்மை அண்ணி."

"எனக்குத் தெரியாதா பொம்மைன்னு? தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குதே."

துரு ஆம்புலன்ஸைப் பார்த்தாள். கதவில் அந்தக் கீல். அதைத் திறந்து உள்ளே ஸ்ட்ரெச்சரை வைத்த நாளில், இந்த வண்டி ஒருநாளாவது யாரையாவது ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று தானும் நினைத்தது ஞாபகம் வந்தது. திருப்பினாள். நாத்தனார் இடுக்கியால் கதவைத் திறந்து, பேக்கரிக்காரரின் ஓட்டுநர் பொம்மையை எடுத்துப் படுக்கவைத்து, ஒரு நூல் அளவு பேண்டேஜை நெற்றியில் சுற்றினாள். பத்துப் பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். "இனிமே என் வண்டி உங்க டாங்கருக்குக் காவல்," என்றார். "யார் கிட்ட வந்தாலும் பீரங்கிதான்."

ஜெயித்தது சலூன் அண்ணன் தம்பி. துரு மூன்றாவது. வென்றவர்களே கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கொடியில் காயும் சட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த மாசமும் வருவீங்களா?" என்று வாத்தியார் நாத்தனாரைத்தான் கேட்டார்.

படி இறங்கும்போது நாத்தனாருக்குக் காது வரை சிரிப்பு. "எனக்கு ரத்தக்கொதிப்பே ஏறிடுச்சும்மா," என்றாள், அது ஏதோ பரிசு கிடைத்ததைப்போல.

அடுத்த வாரம் அவள் வீட்டுத் தரை தயாராகி, கிளம்பிப் போனாள். வீடு வெறிச்சென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து துருவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மருந்து அட்டைப் பெட்டிகளில் கட்டிய மூன்று மாடி ஆஸ்பத்திரி. வார்டு, கட்டில், கட்டிலுக்குத் தலையணை, ஜன்னலுக்குத் திரை. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"அண்ணி! பிரமாதம்! ஆனா இது அழிஞ்ச ஊருக்கு இல்லையா? ஒரு கீறல்கூட இல்லையே?"

"அதுதாம்மா பிரச்சனை. மூணு நாளா கையில கத்திரிக்கோலை வச்சிட்டு நிக்கறேன். இடிக்க மனசே வரலை. நீ வந்து இடிச்சுக் குடு."

துரு அன்றைக்கே கிளம்பிப் போனாள். முதல் சுவரை அவள் பிய்த்தபோது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு ஐயையோ என்றாள். இரண்டாவது சுவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூடினாள். மூன்றாவது மாடிக்கு வந்தபோது, "தள்ளு, அந்தக் கூரையை நான் உடைக்கறேன்," என்று இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.