தினமும் பாடு

பழவேற்காட்டுக் கோட்டைத் துறையில் ஒல்லாந்தரின் தோணி தயாராக நின்றது. அவர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷ் சம்பந்தத்தின் கையில் ஒரு கடிதம். கடலுக்கு அப்பால் ஜாதிக்காய்த் தோட்டங்களை வளைத்துப் போட்டிருக்கும் ஒரு துரை எழுதியது. அதை எங்களுக்குப் படித்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். மழை பொய்த்த வருஷம், வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

"துரை எழுதியிருக்கார், கேட்டுக்குங்க. போன கப்பல்ல வந்த ஆளு பத்தலையாம். சேத்துல நின்னு பழகினவங்களா அனுப்பச் சொல்றார். பாடு நிறைய இருக்கு. சோறு உண்டு, துணி உண்டு. இப்போ ஆம்பளைங்க மட்டும்."

பாடு என்றதும் என் புருஷன் சடையன் நிமிர்ந்தார்.

எங்கள் ஏரியில் பாடு என்றால் வலை போடும் இடம். கோட்டைக்குப்பத்து மீனவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கையால் இறால் தடவும் எங்களுக்குப் பங்கு கிடையாது, கிட்டே போனாலே விரட்டுவார்கள். என் மனுஷனுக்கு ஆயுசு முழுக்க அந்த ஓர் ஏக்கம்தான்.

அவர் விடுவிடென்று தோணியை நோக்கி நடந்தார்.

"நில்லுய்யா! இன்னா ஏதுன்னு கேக்க வேணாமா?"

"கேக்க இன்னாடி கீது? பாடுன்றாரு!" ஒரு காலைத் தோணியில் வைத்துவிட்டார்.

நான் துபாஷிடம் ஓடினேன். "போன கப்பல்ல போனவங்க இன்னா ஆனாங்க?"

"அது துரைக்குத்தான் தெரியும்." கடிதத்தை மடித்தான்.

"எங்க மொற எப்போ வரும்? அதையாச்சும் சொல்லு சாமி."

சம்பந்தம் தெற்குச் சீமைக்காரன், ஏரிப் பேச்சு தெரியாதவன். சிரித்தான். "முறையாவது மண்ணாங்கட்டியாவது! விடிஞ்சா பாடு, அடைஞ்சா பாடு. சாகுற வரைக்கும் பாடுதான்."

பாவி, உண்மையைத்தான் சொன்னான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சடையன் முகமோ மலர்ந்தது.

"கேட்டியா காசி? மொறயே இல்லியாம்! தெனமும் நமக்கே பாடு!" தாவி ஏறிவிட்டார். துடுப்பு போட்டார்கள்.

"ஐயோ, அது அந்தப் பாடு இல்லய்யா! ஒழைச்சு ஒழைச்சுச் சாவுற பாடு! எறங்கு!"

தண்ணீரில் இறங்கிய என்னைச் சிப்பாய்கள் ஈட்டியைக் குறுக்கே வைத்துத் தடுத்தார்கள். காற்று என் குரலைக் கரைப்பக்கமே தள்ளியது. நான் அழுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையைக் குவித்துக் கத்தினார்.

"அழுவாதடி! நம்ம பாடுக்கு நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வெய்யி!"