ஜப்பான்காரனும்தான் பிடிக்கிறான்

ஜப்பானை அந்தப் படத்தில் சேர்க்காமல் விட்டிருக்கலாம் என்று தமிழ்ப்ரியாவுக்கு அப்புறம்தான் தோன்றியது. ஆனால் புள்ளியியல் படிக்கிறவள், தனக்குத் தோதுப்படாத நாட்டை மட்டும் எப்படித் தள்ளுவாள்? லேப்டாப்பில் நாடுகளையெல்லாம் வட்ட வட்டமாகப் போட்டிருந்தாள். வலப்பக்கம் போகப் போகப் புகை பிடிக்கிற ஆண்கள் அதிகம். மேலே போகப் போக ஆயுசு அதிகம். வட்டங்கள் வரிசையாக வலப்பக்கம் சரிந்து இறங்கும், அப்பா ஒரு தரம் பார்த்தாலே வாயடைத்துப் போவார் என்று நம்பியிருந்தாள். அவை கொட்டிவிட்ட கடலை மாதிரி நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன.

அப்பா கெம்பையன் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற ஹமாலி. ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதல் அதே வேலை, அதே பீடி. இப்போது இடதுகால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்து திறக்கலாம், ஆனால் பீடியை அடியோடு விட்டால்தான் செய்வேன், இல்லாவிட்டால் மறுபடி அடைத்து முழங்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை திரும்பப் போக வேண்டும். ஒரு வாரம் பீடியைத் தொடாமல் இருந்த கெம்பையன், நேற்று சட்டையில் அதே நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தார். அதற்குத்தான் இந்தப் படம்.

கெம்பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"மேல உச்சாணில உக்காந்திருக்கறது யாரு அம்மிணி?"

"ஜப்பான்."

"அவிய புடிக்கறதில்லயா?"

"சிகரெட்டு புடிக்கறாங்க."

"நம்மாளுங்கள விடவா?"

தப்பிக்க வழியில்லை. "கொஞ்சம் ஜாஸ்திதான்ப்பா. ஆனா..."

"இரு. எத்தன வயசு வரைக்கும் இருக்காங்க?"

"எம்பத்துநாலு."

"நம்ம?"

"எழுவது சொச்சம்."

கெம்பையன் விரலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். "இங்க கீழ கெடக்கறது?"

"எத்தியோப்பியா. அங்க பிடிக்கறவங்க ரொம்ப கம்மி."

"அப்பறம் ஏன் நமக்கு முன்னாடியே போயிர்றாங்க?"

தமிழ்ப்ரியா மூச்சுவிடாமல் பேசினாள். பிறந்த குழந்தை சாவது, நல்ல தண்ணி இல்லாதது, ஆஸ்பத்திரி இல்லாதது எல்லாம் சேர்ந்துதான் ஆயுசுக் கணக்கு என்றாள். ஜப்பானில் வியாதியைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றாள்.

"அப்ப கொறை ஆஸ்பத்திரில. பீடில இல்ல. நீயேதான சொல்ற."

"அய்யோ, சரி, ஆயுச விடு. நுரையீரல் கேன்சர்ல சாவறத பாரு." வேகமாக அடுத்த படத்தைத் திறந்தாள். அங்கே அமெரிக்கா நம்மைவிட எவ்வளவோ மேலே நின்றது. இங்கே பாதிப் பேருக்கு என்ன நோய் என்று தெரிவதற்குள் வேறு எதிலாவது போய்விடுகிறார்கள் என்று விளக்க வாயெடுத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"நாட்டோட நாட்ட வச்சு பாக்கக் கூடாதுப்பா. ஒரே எடத்துல இருக்கற ஆளோட ஆள வச்சுத்தான் பாக்கணும்."

"அப்பறம் ஏன் நாடு நாடா போட்டு எடுத்துட்டு வந்த?"

அடுப்படியிலிருந்து அம்மா மாதம்மாவின் குரல் வந்தது. "காலேஜுக்கு அனுப்பினது வீண் போகல. அப்பனோட பீடிக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துட்டா."

மறுநாள் மத்தியானம் களித் தூக்கோடு மார்க்கெட்டுக்குப் போனபோது அவள் பெயர் ஏற்கெனவே மாறியிருந்தது.

"ஜப்பான் வந்தாச்சு, எல்லாரும் ஒரு பீடி பத்த வைங்கப்பா. எம்பத்துநாலு வயசு இருக்கலாம்" என்றான் ஒருவன். வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த ஹமாலிகள் சிரித்தார்கள். நடுவில் கெம்பையன், விரலிடுக்கில் பீடி. தமிழ்ப்ரியாவுக்குத் தூக்கை அங்கேயே வீசிவிட்டுப் போகலாமா என்றிருந்தது.

அப்போது ஒரு லாரி பின்னால் நகர்ந்து வந்து நின்றது. மேஸ்திரி கந்தசாமி திரும்பிப் பார்த்தார்.

"ஏய் அருண்ராஜ், சும்மாத்தான உக்காந்திருக்க. எந்திரி, போய் எறக்கு."

அருண்ராஜ் இப்போதுதான் உட்கார்ந்தவன், வேர்வைகூடக் காயவில்லை. பீடி பழக்கமில்லாதவன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். அவனுக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருந்த மூன்று பேர் கையில் பீடி இருந்தது. அவர்களை மேஸ்திரி கூப்பிடவில்லை. அவர்களும் அசையவில்லை. பீடி முடியும் வரை ஆளை எழுப்புவதில்லை என்பது அங்கே யாரும் சொல்லித்தராமலே நடக்கிற வழக்கம்.

தமிழ்ப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நாலு மூட்டை தூக்கினால் அந்தக் கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தால்தான் விடுகிறது.

"அதுக்குத்தானா?" பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"அந்த ஒரு வாரமும் குண்டி தரைல படல கண்ணு. உக்காந்தா போதும், சும்மாத்தான இருக்கேன்னு கூப்பிடறாங்க."

"பத்த வச்சு சும்மா கையில புடிச்சிக்க. இழுக்காத."

"சிகரெட்டுன்னா தானா எரியும். பீடி இழுக்கலன்னா அணஞ்சிரும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எத்தியோப்பியா வரைக்கும் போய்த் தேடியிருக்கிறாள்.

"மேஸ்திரி மாமாகிட்ட கால காட்டு."

"பேசாம இரு. கால் போன ஆளுக்கு இங்க என்ன சோலி? தெரிஞ்சா அன்னிக்கே கூட்டத்த விட்டு எடுத்துருவாங்க."

அவர் பழைய பீடியை மிதித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். தீக்குச்சி உரசுகிற சத்தத்தில் தமிழ்ப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, இவருக்குக் கால் அழுகிட்டிருக்கு. பீடி விட்டாத்தான் ஆபரேஷன். பீடி இல்லாம உக்கார விடுங்க."

மூட்டை மேலிருந்த சிரிப்பு நின்றது. கந்தசாமி கிட்டே வந்தார். "ஷூவ கழட்டு கெம்பையா."

கெம்பையன் கழற்றவில்லை. மேஸ்திரி நகராமல் நிற்கவும் வேறு வழியின்றிக் கான்வாஸ் ஷூவை உருவினார். கந்தசாமி அந்த விரலைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத வச்சுட்டா மூட்ட தூக்கின? வீட்டுக்குப் போ. மொதல்ல அதப் பாரு."

"சரியானா வரலாமுங்களா?"

"பாக்கலாம் போ" என்றவர் லாரிப் பக்கம் கத்தினார். "அருண்ராஜ், இனி கெம்பையன் எடத்துல நீ நில்லு."

இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். பூக்கடைகளைத் தாண்டியதும் கால் பிடித்துக்கொள்ள, கெம்பையன் ஒரு மூடின கடையின் படியில் உட்கார்ந்தார். தமிழ்ப்ரியா தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். களி அப்படியே இருந்தது.

"உக்காருப்பா. எவ்வளவு நேரம் வேணுமோ உக்காரு. இங்க யாரும் எழுப்ப மாட்டாங்க."

"எழுப்ப மாட்டாங்க. அதத்தான பண்ணிட்டு வந்திருக்க."

"கால் போயிருக்கும்ப்பா."

பழக்கத்தில் அவர் கை சட்டைப்பைக்குள் போனது. பீடிக்கட்டை எடுத்தவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இந்தா. இனி எனக்கு இது எதுக்கு."